வறண்ட ஊருக்கு வெள்ளக் காப்பீடு எதுக்கு? மல்லாங்கிணறு வீடும் சென்னை வாடகை வீடும் போடவேண்டிய கணக்கு

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி பக்கம் போய் வெள்ளக் காப்பீடு பற்றிப் பேசினால், 'முதல்ல மழை பெய்யட்டும், வெள்ளத்தை அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும். அதில் நியாயமும் இருக்கு. வானம் பார்த்த பூமி. மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழையே சுமார் 80 சென்டிமீட்டர்தான். இந்தப் பகுதியில் குடும்பங்கள் பயந்து பழகியது வறட்சிக்கு. வெள்ளம் என்றால் அது சென்னைக்காரர்களின் பிரச்சினை, இல்லையென்றால் ஆற்றங்கரைக்காரர்களின் பிரச்சினை.

ஆனால் 2023 டிசம்பரில் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. அதாவது, விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகமான மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. தூத்துக்குடியும் செழிப்பான மழை மாவட்டம் கிடையாது. அதுவும் மழைக்கு ஏங்கும் மாவட்டம்தான்.

வறண்ட ஊரில் இருப்பவர்கள் வெள்ளத்துக்கும் சேர்த்து வீட்டைக் காப்பீடு செய்யணுமா? ஊரில் சொந்த வீடும், வேலை பார்க்கும் நகரத்தில் வாடகை வீடுமாக இருக்கும் இளைஞர்கள் என்ன செய்யணும்? அரசு நிவாரணம் போதாதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வறண்ட பூமியில் வெள்ளம் எப்படி வரும்?

நதியை ஒட்டிய ஊரில் வெள்ளம் பெரும்பாலும் சொல்லிவிட்டு வரும். அணையில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறப்பு, எப்போது தண்ணீர் வந்து சேரும் என்று முன்கூட்டியே அறிவிப்பு கிடைக்கும். கண்மாய்ப் பாசனப் பகுதியில் அப்படி இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரத்தில் தண்ணீர் கண்மாய்களில்தான் நிற்கிறது. மேலே இருக்கும் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் ஓடை வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே இருக்கும் கண்மாய்க்கு. சங்கிலி மாதிரி கோத்துக் கட்டப்பட்ட அமைப்பு. நிதானமாகப் பெய்யும் மழைக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு வருஷ மழை ஒரு நாளில் கொட்டினால், மேலே ஒரு கரை உடைந்தால் போதும். அந்தத் தண்ணீர் முழுக்க ஒரே நேரத்தில் கீழே உள்ள கண்மாயில் இறங்கும். அதன் கரையும் தாங்காது.

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கு. பத்து வருஷம் தண்ணீர் வராத ஓடையை யாரும் ஓடையாகப் பார்ப்பதில்லை. சீமைக் கருவேலம் மண்டும், மண் மேடாகும், பிறகு அதில் பிளாட் கல் ஊன்றுவார்கள். கண்மாய் உள்வாயை ஒட்டி வீடுகள் எழும்பும். வறட்சி நீடிக்க நீடிக்க, தண்ணீரின் பாதையில் கட்டடங்கள் கூடும். கடைசியில் பெருமழை வரும்போது, தண்ணீர் தன் பழைய தடத்தைத் தேடிப் போகும்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி நகரம் மூழ்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, கோரம்பள்ளம் கண்மாய் உடைந்தது. அடுத்த வருஷமே இதே கதை வடக்கே நடந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்ச மழை, கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துப்போன வீடியோக்கள் அன்று எல்லோர் போனிலும் ஓடின. ஊத்தங்கரையும் வறட்சிக்குப் பேர்போன பகுதிதான்.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், அது தாங்கும் ஈரப்பதம் சுமார் 7 சதவீதம் கூடும் என்பது அடிப்படை இயற்பியல். அதனால்தான் புவி வெப்பமடைய வெப்பமடைய, பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைகள் அதிகமாகும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். வருஷ சராசரி கூடாமலேயே, ஒரு நாள் மழை பயங்கரமாகலாம்.

இந்த வட்டாரத்துக்கு வெள்ளம் முற்றிலும் அந்நியமும் இல்லை. குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழியின் தலபுராணமே ஒரு பிரளயக் கதை. ஊரை மூழ்கடிக்க வந்த வெள்ளத்தை, சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு, அதில் சுழித்து இறங்கச் செய்தார் என்பது ஐதீகம். 'சுழி' என்ற பெயர் அதனால் வந்தது என்கிறார்கள்.

அரசு நிவாரணம் தரும்தானே, அது போதாதா?

இங்கேதான் பலரும் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் என்பது அடுத்த சில வாரங்களைத் தள்ளுவதற்கான உதவி. இழந்த பொருளின் மதிப்பைத் திருப்பித் தருவது அதன் நோக்கமே இல்லை.

மாநில பேரிடர் நிவாரண நிதியிலிருந்து செலவழிக்க மத்திய அரசு வகுத்த விதிமுறைகளைப் பாருங்க. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு நிர்ணயித்த தொகைகள் இவை: சமவெளிப் பகுதியில் வீடு முழுதாகச் சேதமானால் 1.2 லட்சம் ரூபாய். நிரந்தர வீடு பகுதியாகச் சேதமானால் 6,500 ரூபாய், அதற்கும் குறைந்தது 15 சதவீதமாவது சேதமாகியிருக்கணும். துணிமணிகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 2,500 ரூபாய். பாத்திரம், வீட்டுச் சாமான்களுக்கு 2,500 ரூபாய்.

இரண்டு அடி தண்ணீர் இரண்டு நாள் வீட்டுக்குள் நின்றால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பிளைவுட் பீரோ, கட்டில் எல்லாம் போகும். இதில் ஃபிரிட்ஜ் ஒன்றை மட்டும் வாங்கக்கூட அந்தப் பணம் பத்தாது.

மாநில அரசு இதற்கு மேலும் தந்திருக்கிறது, மறுக்க முடியாது. 2023 தென்மாவட்ட வெள்ளத்தில், திருநெல்வேலி, தூத்துக்குடியின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், அந்த மாவட்டங்களின் மற்ற பகுதிகளுக்கும் கன்னியாகுமரி, தென்காசி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. இடிந்த வீடுகளைப் புதிதாகக் கட்ட 4 லட்சம் ரூபாய் வரையும், சேதமான வீடுகளைப் பழுதுபார்க்க 2 லட்சம் ரூபாய் வரையும் தரப்படும் என்றும் அரசு சொன்னது.

ஆனால் இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனிக்கணும். 2015 சென்னை வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய். 2023-ல் 6,000 அல்லது 1,000. 2024-ல் ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு அறிவித்தது 2,000 ரூபாய். எவ்வளவு தருவது, எந்த வட்டத்துக்குத் தருவது என்பதெல்லாம் வெள்ளம் வடிந்த பிறகு எடுக்கப்படும் முடிவு. பட்டியலில் உங்கள் வட்டம் இருந்தால் ஒரு தொகை, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தால் வேறு தொகை. உங்கள் வீட்டில் எவ்வளவு போனது என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இதில் மல்லாங்கிணறுக்கு ஒரு தனித் தொடர்பும் உண்டு. 2023 வெள்ளத்தின்போது தமிழக நிதியமைச்சராக இருந்தவர் இந்த ஊரைச் சேர்ந்த, திருச்சுழி தொகுதி எம்எல்ஏ தங்கம் தென்னரசு. வருவாய், பேரிடர் மேலாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் பக்கத்து அருப்புக்கோட்டை தொகுதி எம்எல்ஏ கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன். மிக்ஜாம் புயல், தென்மாவட்ட வெள்ளம் இரண்டுக்கும் சேர்த்துத் தமிழகம் மத்திய அரசிடம் கேட்டது சுமார் 37,907 கோடி ரூபாய். பணம் வராததால் 2024 ஏப்ரலில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் மத்திய அரசு விடுவித்தது சுமார் 276 கோடி ரூபாய்.

யார் பக்கம் நியாயம் என்பது அரசியல் விவாதம். வீட்டுக்காரருக்கு இதில் இருக்கும் பாடம் எளிது. ஒரு மாநில அரசே கேட்டதில் சிறு பங்குக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. தனி வீட்டின் மறுசீரமைப்பு இந்தப் பேரத்தை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து.

'வெள்ளக் காப்பீடு' என்று தனியாக வாங்கணுமா?

வேண்டாம். இது நல்ல செய்தி.

இணையத்தில் இதைத் தேடினால் அமெரிக்கக் கட்டுரைகள்தான் அதிகம் வரும். அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அதற்காகவே 1968-ல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் என்று தனித் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதை எடுத்தாலும் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் பாதுகாப்பு தொடங்கும். அதைப் படித்துவிட்டு, இந்தியாவிலும் தனியாக ஏதோ வாங்கணும் என்று நினைப்பவர்கள் உண்டு.

இந்தியாவில் கதை வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டு பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இதன் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, நிலச்சரிவு, கலவரம் ஆகியவற்றோடு வெள்ளமும் நீர் சூழ்தலும் இதில் உள்ளேயே இருக்கு. தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிவதால் ஏற்படும் சேதமும் சேரும். இந்த அசம்பாவிதங்களால் வீடு திறந்து கிடக்கும்போது, 7 நாட்களுக்குள் திருட்டு நடந்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு.

பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் ஒரு சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. காருக்குக் கட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரே தடவையில் 10 வருஷம் வரைக்கும்கூட பாலிசி எடுக்கலாம். பிரீமியத்துடன் ஜிஎஸ்டியும் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் கிடைத்த ஜிஎஸ்டி விலக்கு, தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்தான். வீட்டுக் காப்பீட்டுக்கு அது கிடையாது.

எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்?

இங்கே பலர் செய்யும் தப்பு, மனையின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுவது. வெள்ளம் சுவரைச் சாய்க்கலாம், நிலத்தைக் கொண்டுபோகாது. காப்பீடு கட்டடத்துக்குத்தான். கார்பெட் ஏரியாவை, இன்றைய தேதியில் ஒரு சதுர அடி கட்ட ஆகும் செலவால் பெருக்கினால் வருவதுதான் காப்பீட்டுத் தொகை.

உதாரணத்துக்கு, 900 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 18 லட்சம் ரூபாய். கட்டடத்துக்கு பாலிசி எடுத்தாலே, அதில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும். தனிப் பட்டியல் கொடுக்க வேண்டாம். நம் உதாரணத்தில் அது 3.6 லட்சம் ரூபாய். அதைவிட அதிகமாக வேண்டுமென்றால் மட்டும் விவரம் சொல்லி எடுக்கணும். நகை, கலைப்பொருள் போன்ற விலையுயர்ந்தவற்றுக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு வாங்கணும்.

இந்த பாலிசியில் இன்னும் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. முதலாவது, கட்டுமானச் செலவு ஏறுவதற்கு ஏற்ப, நீண்டகால பாலிசியில் காப்பீட்டுத் தொகையும் ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயரும். இரண்டாவது, வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போனால், சரியாகும்வரை மாற்று வீட்டுக்கான வாடகை கிடைக்கும். வாடகைக்கு விட்டிருந்தால் இழந்த வாடகை கிடைக்கும். மூன்றாவது, 'நீங்க குறைவான தொகைக்கு எடுத்திருக்கீங்க, அதனால் விகிதாசாரப்படி வெட்டித்தான் தருவோம்' என்று பழைய பாலிசிகளில் சொன்னது போல இதில் சொல்ல முடியாது. எடுத்த தொகை வரைக்கும் சேதம் முழுவதுக்கும் பணம் வரும்.

வாடகை வீட்டில் இருந்தால்?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து படித்து வெளியே போனவர்களில் பலர் சென்னை, பெங்களூரு, கோவையில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். 'வீடு ஓனருடையது, எனக்கு எதுக்குக் காப்பீடு?' என்பதுதான் இயல்பான கேள்வி.

சுவர் ஓனருடையதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் டிவி, ஃபிரிட்ஜ், கட்டில், துணி, சமையல் பொருட்கள் எல்லாம் யாருடையது? ஓனர் எடுத்த பாலிசி, வாடகைக்கு இருப்பவரின் சாமான்களுக்குச் செல்லாது. அதே பாரத் கிருஹ ரக்ஷாவில், கட்டடம் இல்லாமல் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்க முடியும். வாடகைக்காரர்களுக்கு அதுதான் சரி. வீட்டில் உள்ள பொருட்களைப் புதிதாக வாங்க இன்று எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையைச் சொன்னால் போதும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் உங்கள் சொத்து இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தளத்தில் இருப்பவருக்கு இது அவசியம். ஐந்தாவது மாடியில் இருப்பவருக்கு வெள்ளத்தால் சாமான் போகும் வாய்ப்பு குறைவு. ஆனால் கீழே நிற்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வண்டிக்குத் தனிக் கணக்கு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழு பாலிசி வேண்டும். அதிலும், தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்ததால் என்ஜின் போனால், என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பு இல்லாதவர்களுக்கு கிளைம் மறுக்கப்படலாம். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

எதுக்கெல்லாம் பணம் வராது?

பாலிசி வாங்கும்போது யாரும் படிக்காத பகுதி இது. கரிசல் காட்டுக்காரர்கள் கட்டாயம் படிக்கணும்.

கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் வீட்டுச் சுவரில் விரிசல் விழுவது இந்தப் பகுதியில் சகஜம். நிலம் அமிழ்வதால் வரும் சேதம் பாலிசியில் உண்டு. ஆனால் புதுக் கட்டடம் இயல்பாகப் படிவதால் வரும் விரிசல், மண் கொட்டி மேடாக்கிய இடம் இறங்குவதால் வரும் சேதம், தரமற்ற கட்டுமானத்தால் வந்த சேதம் ஆகியவை சேராது. அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்த வீட்டுக்குக் காப்பீடு கைகொடுக்காது.

மழையில் மெல்ல மெல்லக் கசியும் கூரை, நாளாவட்டத்தில் ஊறிப்போன சுவர் போன்ற தேய்மானச் சேதங்களும் சேராது. வீட்டில் வைத்திருந்த ரொக்கம், பத்திரங்கள், ஆவணங்கள், வாகனங்களுக்கு இந்த பாலிசியில் இடமில்லை. ஆடு, மாடுகளுக்கு வேறு காப்பீடு. கூரை வீடு, தார்ப்பாய் வீடு போன்றவற்றை நிறுவனங்கள் தனியாகப் பார்க்கும். வாங்கும் முன்பே கட்டட விவரத்தை எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிடணும். சுவர், கூரை, பயன்பாடு பற்றித் தப்பான தகவல் கொடுத்தால், பின்னால் கிளைம் நிராகரிக்கப்பட அதுவே காரணமாகும்.

அருப்புக்கோட்டை மாதிரி நெசவு ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வீட்டுக்குள்ளேயே தறி ஓடினால், அந்தத் தறியும் நூலும் சேலைச் சரக்கும் 'வீட்டுச் சாமான்' கணக்கில் வராது. அது தொழில். அதற்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனி பாலிசி இருக்கு. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது. மளிகைக் கடை, மாவு மில், டெய்லர் கடை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

வீட்டுக் கடன் இருந்தால்?

வங்கியில் கடன் வாங்கிக் கட்டிய வீடாக இருந்தால், கடன் கொடுத்தபோதே ஏதாவது ஒரு பாலிசியைச் சேர்த்து விற்றிருக்க வாய்ப்பு உண்டு. மாதத் தவணையோடு பணம் போய்க்கொண்டிருக்கும், என்ன பாலிசி என்று தெரியாது. அது வீட்டுக்கான காப்பீடா, கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடா என்பதை முதலில் பாருங்க. இரண்டும் வேறு வேறு. வீட்டுக்கானது என்றால், வெள்ளம் சேர்ந்திருக்கா, கட்டடம் மட்டும்தானா, சாமான்களும் உண்டா, எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு பாலிசி நகலை வாங்கி வைத்துக்கொள்ளணும்.

தண்ணீர் புகுந்துவிட்டது, அடுத்து என்ன?

பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு முதல் வேலை, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது. இரண்டாவது வேலை போட்டோ, வீடியோ. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த ஒவ்வொரு பொருள், அதன் மாடல் எண் எல்லாம் தெரியும்படி எடுக்கணும். சேறு நாறுதே என்று எல்லாவற்றையும் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு கிளைம் கேட்டால் கஷ்டம். சர்வேயர் பார்க்கும்வரை முடிந்தவரை பொருட்களை ஒதுக்கி வைக்கணும்.

இன்னொரு எளிய யோசனை. வெள்ளம் வராத சாதாரண நாளிலேயே வீட்டை அறை அறையாக ஒரு வீடியோ எடுத்து, பாலிசியோடும் முக்கிய பில்களோடும் கூகுள் டிரைவ் மாதிரி இடத்தில் போட்டு வைக்கலாம். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு இதையெல்லாம் செய்து கொடுக்க வேண்டியது வெளியூரில் இருக்கும் பிள்ளைகள்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பத்து நிமிஷ வேலை.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுதணும். அங்கே சரியான பதில் இல்லையென்றால் ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலோ, 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்கவில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

பயிருக்கு இருக்கு, வீட்டுக்கு இல்லை

இந்த வட்டார விவசாயிகளுக்குக் காப்பீடு புதுசு இல்லை. 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இங்கே எல்லோருக்கும் தெரியும். சம்பா பருவத்தில் பிரீமியம் கட்டக் கடைசித் தேதி நெருங்கினால் இ-சேவை மையங்களில் கூட்டம் நிற்கும். வருஷத்துக்கு ஒரு பருவம் நிற்கும் பயிருக்குக் காப்பீடு உண்டு. வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டிய வீட்டுக்கு இல்லை.

இது இந்த ஊரின் குறை மட்டும் இல்லை. ஆயுள் காப்பீடு நீங்கலாக, இந்தியாவில் மற்ற எல்லாக் காப்பீடுகளின் பிரீமியத்தையும் கூட்டினாலும், 2023-24 நிலவரப்படி நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 1 சதவீதம்தான். 2015 சென்னை வெள்ளத்தில் மொத்தப் பொருளாதார இழப்பு சுமார் 220 கோடி டாலர் என்று சுவிஸ் ரீ நிறுவனம் மதிப்பிட்டது. காப்பீடு செய்யப்பட்டிருந்த இழப்பு 75 கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி தொழிற்சாலைகள், நிறுவனங்கள், வாகனங்களுக்குப் போனது. மிச்சமிருந்த இழப்பை மக்கள் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும்தான் சமாளித்தார்கள்.

அப்போ எல்லோரும் கட்டாயம் வாங்கணுமா?

அப்படியும் சொல்ல முடியாது. மேட்டில், ஓடைக்கும் கண்மாய்க்கும் தூரமாக வீடு இருந்தால் வெள்ள அபாயம் குறைவுதான். மருத்துவக் காப்பீடே இல்லாத குடும்பம் முதலில் அதைத்தான் எடுக்கணும். சம்பாதிப்பவருக்கு டேர்ம் பாலிசி இல்லையென்றால் அது அடுத்தது. வீட்டுக் காப்பீடு அதற்குப் பின்னால் வரலாம். ஆனால் இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, 20 லட்சம் ரூபாய் போட்டுக் கட்டிய வீட்டை அப்படியே விட்டிருப்பவர்கள்தான் அதிகம். மறுபடி கட்டச் சேமிப்பு இல்லாதவர்களுக்குத்தான் இது ரொம்பத் தேவை. வசதியுள்ளவர்கள் இழப்பைத் தாங்கிக்கொள்வார்கள்.

காப்பீடு வந்தால் அரசு தன் பொறுப்பைக் கைகழுவிவிடும் என்ற கவலையும் சரியானதுதான். கண்மாய்க் கரையைப் பலப்படுத்துவதும், வரத்துக்கால்களைத் தூர்வாருவதும், ஓடையில் பிளாட் போட அனுமதிக்காமல் இருப்பதும் எந்த பாலிசியும் செய்யாத வேலைகள். கரை உடையாமல் இருந்தால் கிளைமே தேவையில்லை. கிராமசபைக் கூட்டத்திலும் பேரூராட்சி அலுவலகத்திலும் அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கணும். அது ஊர் கூடிச் செய்யும் வேலை, பல வருஷம் ஆகும். தனி வீட்டுக்காரர் தன் அளவில் செய்யக்கூடிய வேலை வேறு, அது ஒரு நாளில் முடியும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஏற்கனவே ஏற்பட்ட சேதத்துக்கு எந்த பாலிசியும் பணம் தராது என்பதால், புயல் சின்னம் உருவான செய்தி வந்த பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை. அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்க: ஊர் வீட்டுக்கு மேலே எந்தக் கண்மாய் இருக்கு, அது மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? வீட்டின் பேரில் இப்போது ஏதாவது பாலிசி இருக்கா, அதில் வெள்ளம் சேர்ந்திருக்கா? வாடகை வீட்டில் இருக்கும் பொருட்களை எல்லாம் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும்? முதல் கேள்விக்கான பதில் கூகுளில் கிடைக்காது. ஊரில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.